ரிவர்ஸ் விழல

"இன்னும் பத்து தடவை இழுங்க சார்," என்றார் மெக்கானிக்.

"ஏம்ப்பா, நேத்தும் இதையேதான் சொன்ன."

"நேத்து சொன்னது நேத்தைக்கு. இழுங்க."

கேப்டன் பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுத்தார். ஒரு காலத்துல கப்பலே ஓட்டினவர். இப்ப ரிப்பேர் ஷெட்டுக்குள்ள தன்னோட வாட்டர் ஸ்கூட்டர் மேல உட்கார்ந்து, இடது கைப்பிடியில இருக்கற ரிவர்ஸ் லீவரோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தார்.

லீவரை இழுத்தா, பின்னாடி கிண்ணம் மாதிரி ஒரு மூடி இறங்கி, எஞ்சின் பீய்ச்சற தண்ணியை முன்பக்கமா திருப்பிவிடணும். அப்பதான் வண்டி பின்னால போகும். மூடி பாதியிலயே நின்னுச்சு.

"வலது கையால ஒரே இழுப்பு இழுத்துடறேனே?"

"இடது பக்க லீவரை இடது கையாலதான் இழுக்கணும் சார். கோணம் மாறினா கேபிள் மடங்கிரும். உள்ளே உப்பு அடைச்சிருக்கு. இழுத்து இழுத்து விட்டாத்தான் இளகும்."

மெக்கானிக்கோட மனைவி மேஜைக்குப் பின்னாலேர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாள். இது பன்னிரண்டாவது நாள். பாவம், மனுஷனுக்கு விரலெல்லாம் நடுங்குது. நெத்தி பூரா வேர்வை. இவர் என்னடான்னா ஸ்டூல்ல சாய்ஞ்சு உட்கார்ந்து எண்ணிக்கிட்டு இருக்கார்.

"எப்பத்தாம்ப்பா இதைத் தண்ணியில இறக்குவ?" கேப்டன் மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டார். "வீட்டுச் சுவரையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. ஒரே ஒரு தடவை அந்தக் கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்ட்டு வந்துட்டாப் போதும் எனக்கு."

"இது பிரேக் இல்லாத வண்டி. ரிவர்ஸ் விழாம இறக்கினா, திரும்பி வர்றப்ப படித்துறையில மோதித்தான் நிறுத்தணும். நாளைக்கு வாங்க."

கேப்டன் முணுமுணுத்துக்கிட்டே எழுந்தார். வாசல்ல நின்னு அவளைப் பார்த்தார்.

"உன் வீட்டுக்காரருக்கு யாரும்மா தொழில் கத்துக்கொடுத்தது? கண்டா சொல்லு, ரெண்டு வார்த்தை பேசணும்."

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

திரும்பினா, இவர் ஸ்பேனரோட வண்டிக்குப் பின்னால குனிஞ்சிருந்தார். சரி, இப்பவாவது ரோஷம் வந்துச்சேன்னு கிட்டப் போனாள். மூடி ஆடற இடத்துல இருக்கற நட்டை அவர் கால் சுத்து திருப்பினார்.

இறுக்கற பக்கம்.

இருபது வருஷமா ஒரு மெக்கானிக்கோட குடும்பம் நடத்தறவளுக்கு, எந்தப் பக்கம் திருப்பினா இறுகும்னு தெரியாதா?

"ஏங்க! நீங்களே இறுக்கறீங்களா?"

"ம்."

"அப்ப உப்பு அடைச்சிருக்குன்னது?"

"அது முதல் நாளே கழுவி விட்டதுல போயிடுச்சு."

"அட கடவுளே! அந்த மனுஷர் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினார்? கை நடுங்க நடுங்க தினம் வந்து இழுத்துட்டுப் போறாரே, பார்த்துக்கிட்டு எப்படி உட்கார்ந்திருக்க முடியுது உங்களால? நாளைக்கு வரட்டும். எல்லாத்தையும் நானே அவர்கிட்ட போட்டு உடைக்கறேன்."

"உடைக்கலாம். முதல்ல அந்த போனை எடு. என் கையெல்லாம் கிரீஸ்."

மேஜை மேல போன் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அவள் வெடுக்குன்னு எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டினாள்.

"அண்ணே, கேப்டன் பொண்ணு பேசறேன். பக்கவாதம் வந்தப்புறம் இன்னிக்குத்தாண்ணே அப்பா முதல் தடவையா ரெண்டு கையாலயும் சட்டைப் பட்டன் போட்டுக்கிட்டார்! கைப்பயிற்சிக்கு ரப்பர் பந்து கொடுத்தா, 'நான் என்ன பாப்பாவா?'ன்னு ஜன்னல் வழியா எறிஞ்ச ஆளுண்ணே அவர். இப்படியே போனா ஒரு மாசத்துல தண்ணியில இறங்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். அதுவரைக்கும் எப்படியாவது அந்த ரிவர்ஸ் சரியாகாம பாத்துக்கங்கண்ணே!"