சர்வர் அறையில் ஒரு முறம்

"வார்டு ஃபேனைத் தூக்கிட்டு வந்து ஆயா சர்வர் ரூம்ல காத்து வாங்குதுன்னு புகார் வந்தப்ப நான் நம்பல" என்றார் கோகுல்ராஜ். "இப்ப முறம் வேற இருக்கு. சாமை புடைக்கிறதும் இங்கதானா?"

ஆயா மாதம்மாள் முறத்தை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஜவ்வாது மலையில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பதினாறு வருடமாகப் பெருக்கித் துடைப்பவர்.

கோகுல்ராஜ், வேலூர் தலைமை அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளர். போளூரில் பஸ் பிடித்து மலையேறி வந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஒவ்வொரு கணினிக்குள்ளும் என்னென்ன இருக்கிறது என்று தானே கண்டுபிடித்துப் பட்டியல் போடும் புது மென்பொருள். இன்னொன்று, பையில் இருந்த வேலை நீக்க நோட்டீஸ். 'பணியில் அலட்சியம்' என்று காரணம் தெளிவாக அச்சாகியிருந்தது. பெயருக்கான இடம் மட்டும் காலி. ஆயாவின் பெயர் வேலூரில் யாருக்கும் தெரியவில்லை.

நோட்டீஸை மேசைமேல் வைத்தார். ஆயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுக்கலாமே என்றார், இரண்டு மாதம் முன்பு பணியில் சேர்ந்த டாக்டர் சசிகலா.

"முதல்ல இது ஓடட்டும் டாக்டர். மனுஷங்க மாதிரி இது ஆளைப் பார்த்துப் பேசாது. உள்ளதைச் சொல்லும்."

மென்பொருள் தொடக்கத்திலேயே தடுமாறியது. அந்த சர்வர் எந்தக் கம்பெனியும் செய்ததல்ல. நான்கு வருடம் முன்பு கோகுல்ராஜே உதிரி பாகங்கள் வாங்கிப் பூட்டியது. வரிசை எண் கேட்டால், 'தயாரிப்பாளர் நிரப்பவும்' என்று காட்டியது. தயாரிப்பாளர் அப்போது நிரப்பவில்லை. ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக விசாரிக்கும்படி அதற்குக் கட்டளையிட்டார்.

பாதியில் கரண்ட் போனது. சர்வருக்கு இன்வெர்ட்டர் உண்டு. பக்கத்தில் ஓடிய வார்டு டேபிள் ஃபேனுக்கு இல்லை. அது நின்றது.

மாதம்மாள் யாரையும் கேட்கவில்லை. தரையில் மண்டியிட்டு, மூடி கழற்றியிருந்த சர்வரை முறத்தால் விசிற ஆரம்பித்தார்.

"இன்னாம்மா பண்ற?" என்றார் கோகுல்ராஜ்.

"சூடானா நின்னுடுங்க. நின்னா பேறுகால லிஸ்ட்டு போய்டும்னு இத பூட்டுன மொத நாளு நீங்கதான சொன்னீங்க. ராவுல மலைக் குளிரு பாத்துக்கும். பகல்ல நான் பாத்துக்கறேன்."

எந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு எந்த நாள் என்ற பட்டியல் அதில்தான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் காலையில் ஜீப் கிளம்பும்.

"முன்னல்லாம் நோட்டுல எழுதுவாங்க" என்றார் மாதம்மாள். "என் மருமவ பேரு வுட்டுப் போச்சு. ஜீப்பு வரல."

முறம் இன்னும் வேகமாக அசைந்தது.

மென்பொருள் வேலையை முடித்தது. டாக்டர் திரையைப் படித்தார். "உள் விசிறி: சுழற்சி பூஜ்யம். நின்றது பதினாலு மாசம் முன்னாடி."

"பதினாலு மாசமா?" கோகுல்ராஜின் குரல் உயர்ந்தது. "ஏம்மா, எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

"கோளாறுன்னா அதுவே உங்களுக்குச் சொல்லிக்கும், யாரும் போன் பண்ண வேணாம்னீங்க. சொல்லியிருக்கும், இன்னிக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேங்க."

"சொல்லியிருக்கு" என்றார் டாக்டர், அடுத்த வரியைப் பார்த்து. "தினம் ஒரு எச்சரிக்கை மெயில். இதுவரைக்கும் நானூத்தி இருபத்தாறு. எல்லாம் உங்க முகவரிக்கு."

தினமும் ஒரே தலைப்பில் வந்து எரிச்சலூட்டிய அந்த மெயில்கள் கண்ணில் படாமலே குப்பைக்குப் போகும்படி போன வருடம் ஏற்பாடு செய்தது கோகுல்ராஜுக்கு நினைவு வந்தது.

மாதம்மாள் கை மாற்றி விசிறிக்கொண்டிருந்தார்.

டாக்டர் நோட்டீஸை கோகுல்ராஜ் பக்கம் நகர்த்தி, அதன்மேல் பேனாவை வைத்தார். பெயருக்கான இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.