ஐந்தடித் தொட்டி

முப்பது வருடம் கடலின் உப்பை அளந்தவன் நான். ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் எந்தக் கடல், எந்தக் கிழமை என்றுகூடச் சொல்லிவிடுவேன். நான் அளந்ததில் ஒரு பெரிய நீர்ச்சுழல் மட்டும் வருடாவருடம் மயிரிழை அளவு உப்பேறிக்கொண்டே போனது. அதற்குள் நாங்கள் விட்ட மிதவை பத்து நாளுக்கொருமுறை ஆழத்திலிருந்து மேலே வந்து அளவைச் சொல்லும். நான் ஓய்வு பெற்ற அன்று கிலோ தண்ணீருக்கு 36.417 கிராம் உப்பு என்றது. பிறகு அது மேலே வரவே இல்லை.

பத்து நாளுக்கு முன் வீட்டுக் குழாய்த் தண்ணீர் கரித்தது. பழைய கருவியில் ஊற்றிப் பார்த்தேன். 36.417.

"தொட்டியைக் கழுவச் சொன்னா கடலைக் கண்டுபிடிக்கிறாராம்!" என்று மனைவியே துடைப்பத்தோடு நிலத்தடித் தொட்டிக்குள் இறங்கினாள். ஐந்தடித் தொட்டி, முழங்காலளவு தண்ணீர்தான் மிச்சம்.

"என்னங்க, கால் எட்டல. கையைக் குடுங்க!"

தோள் கழன்றாலும் பரவாயில்லை என்று மேலே இழுத்துப் போட்டேன். துடைப்பம் மூன்று சுற்று சுற்றி உள்ளே போனது. தரையில் மோதும் சத்தமே கேட்கவில்லை.

இன்று பத்தாம் நாள். தொட்டியின் இரும்பு மூடிமேல் மனைவி சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"உங்க மிதவைதான் வந்திருக்கு. திறந்தீங்கன்னா பாருங்க!"

அவளோடு சேர்ந்து மூடி ஒரு விரலளவு எழும்புகிறது.