ஆறு அங்குலம்

“‘எல்டன் க்ரீக்கின் தலைசிறந்த குடும்பத்தில் ஒரு மாபெரும் சகாப்தம் முடிவுற்றது.’ இதான் முதல் வரி. இதுல மட்டும் கை வைக்காதே, மர்லீன்!”

ஓய்வுபெற்ற கர்னல் லைல் பெக்வித் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, பதில் சல்யூட்டுக்குக் காத்திருப்பவர்போல நிமிர்ந்து நின்றார்.

மர்லீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “முடிஞ்சுபோன சகாப்தம் காலர்ல கெட்ச்சப் கறையோட வந்து நிக்குதே!”

ஊர் வார இதழின் மரண அறிவிப்புப் பக்கம் முப்பது வருடமாக அவள் பொறுப்பு. தங்கள் அறிவிப்பைத் தாங்களே எழுதிக்கொண்டு வரும் கிழவர்கள் அவளுக்குப் புதிதல்ல. அவள் இழுப்பறையில் அப்படிப் பதினோரு பேர் உயிரோடு இருந்தார்கள். இரும்புக்கடை ஹோமர் வருடா வருடம் வந்து தன்னுடையதைத் திருத்திவிட்டுப் போவார்.

“ஒரு எழுத்து குறையாம அச்சுல வரணும்” என்றார் கர்னல்.

“அது நடக்காது. பக்கத்துல ஆளுக்கு ஆறு அங்குல இடம்தான்னு ஆசிரியர் புதுசா சட்டம் போட்டிருக்காரு. மேயர் செத்தாலும் ஆறு, மேயரோட டிரைவர் செத்தாலும் ஆறு. இது பதினொண்ணு வரும்.”

“பெக்வித் குடும்பத்துக்குமா?”

“சாவுல எல்லாக் குடும்பமும் ஒண்ணுதான் கர்னல். உக்காருங்க, வெட்டலாம்.”

அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். வாய்விட்டுப் படித்தாள்.

“‘1967 நவம்பர் 11, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு, எல்டன் கல்லூரி அமெரிக்க ஃபுட்பால் அணியின் முப்பத்தெட்டாம் எண் வீரர் லைல் பெக்வித், பந்தை நெஞ்சோடு அணைத்து, காற்றைக் கிழித்துக்கொண்டு எழுபத்தோரு கஜம் ஓடி...’ இதுவே ரெண்டு அங்குலம்! எங்க அண்ணன் ரேயும் அந்த டீம்லதான் இருந்தான். அப்போ முப்பத்தஞ்சுக்கு ஏழுன்னு நம்ம டீம் ஏற்கெனவே ஜெயிச்சாச்சாமே? எதிர் டீம்ல பாதிப் பேர் ஷூவைக் கழட்டிட்டாங்களாமே?”

“கழட்டாத மீதிப் பேரைத் தாண்டித்தானே ஓடினேன்? இருக்கட்டும்.”

“‘இருபத்தாறு ஆண்டுகள் ராணுவத்தின் முதுகெலும்பாக...’ நீங்க கிடங்குலதானே இருந்தீங்க? போர்வை, காலுறை...”

“காலுறை இல்லாத பட்டாளம் ஒரு மைல் நகராது. அதுவும் இருக்கட்டும்.”

“அப்போ எதைத்தான் வெட்டறது? சர்ச்?”

“எடு.”

“பேரப்பிள்ளைங்க?”

“எடு.”

“மக?”

“அவ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. எடு.”

“நாய்?”

கர்னல் யோசித்தார். “அதுக்கு எங்க டீம் சின்னத்தோட பேரு. நாய் இருக்கட்டும்.”

மர்லீன் அளவுகோலை வைத்துப் பார்த்தாள். “இன்னும் ஒரு வரி கூடுது. அந்தக் ‘காற்றைக் கிழித்துக்கொண்டு’ போனா சரியாயிடும்.”

“காத்தைக் கிழிச்சது கிழிச்சதுதான். கடைசி வரியை எடு.”

கடைசி வரி சின்னது. ‘வெர்னா ஐம்பத்தோரு ஆண்டுகள் அவருடன் வாழ்ந்தார்.’

“என்ன கர்னல் இது! அவங்க பேரு இந்த ஒரு வரியிலதான் இருக்கு. இதைப் படிச்சா உங்களை வீட்டுக்குள்ள சேப்பாங்களா?”

“வெர்னா படிக்க மாட்டா.”

“ஏன், இன்னும் அரிசோனாலதான் இருக்காங்களா? மக வீட்டுல?”

“அங்கதான்” என்றார் கர்னல். தொப்பியைக் கழற்றி, அதில் தைத்திருந்த கல்லூரிச் சின்னத்தைக் கட்டைவிரலால் துடைத்தார்.

மர்லீனுக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வெர்னா இந்த ஆபீஸுக்குப் பூசணி கேக் சுட்டுக்கொண்டு வருவாள். வாசலிலேயே கொடுத்துவிட்டு, கர்னல் காரில் காத்திருக்கிறார் என்று ஓடிவிடுவாள். ஆனால் யார் என்ன செய்ய முடியும்? அவருடைய சாவு, அவருடைய இஷ்டம். கடைசி வரியின்மேல் சிவப்புக் கோடு போட்டாள்.

இப்போது கச்சிதமாக ஆறு அங்குலம்.

“தேதி இடத்தைக் காலியா விட்டு இழுப்பறையில வச்சிடறேன். அவசரமே இல்ல, நிதானமா வாங்க” என்று சிரித்தாள்.

“எதுக்குக் காலியா விடறே? செவ்வாய்க்கிழமைன்னு போடு. இந்த வாரமே வந்தாகணும்.”

“எந்தச் செவ்வாய்க்கிழமை?”

“முந்தாநாள்தான். விடியக்காலையில மக ஃபோன் பண்ணினா.”

மர்லீனின் சிரிப்பு நின்றது. அடித்த வரியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “கர்னல்... இது வெர்னாவுக்கா?”

“பின்னே, எனக்கா?”

அவள் அந்தத் தாளை மெதுவாக ஒதுக்கி வைத்தாள். புதுத் தாள் ஒன்றை எடுத்து, தலைப்பில் ‘வெர்னா பெக்வித்’ என்று எழுதினாள்.

“அவங்க பிறந்த தேதி சொல்லுங்க.”

கர்னல் கூரையைப் பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். தொப்பியை ஒரு முறை திருப்பினார்.

“அதெல்லாம் வெர்னாவுக்குத்தான் தெரியும்” என்றார்.