பத்துக்குப் பத்து

இன்று அவர் மனைவியைக் கூட்டிக்கொள்ளாமல் தனியாக வந்தார்.

வகுப்புக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நான் நாற்காலிகளைக்கூடப் பிரித்துப் போட்டிருக்கவில்லை.

"அவளுக்கு உடம்பு சரியில்ல டீச்சர். நீங்க சொன்ன மாதிரியே எழுதிட்டேன், பாத்துடுங்க" என்று நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

இருவரும் ஆறு மாதமாக என்னிடம் ஸ்பானிஷ் படிக்கிறார்கள். அவருக்கு அந்த மொழி பேசும் நாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. விசாவுக்கு மனைவியும் பரீட்சை எழுதியாக வேண்டும். ஒட்டிக்கொண்டே வருவார்கள், ஒட்டிக்கொண்டே போவார்கள். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் இரண்டு போன் இருக்கும். ஒன்று அவருடையது, இன்னொன்று மனைவியுடையது.

வகுப்பில் எல்லோரும் ஜோடிப்புறா என்று கேலி செய்வோம். அந்தக் கேலியை ஆரம்பித்தவள் நான்தான்.

இந்த மாதம் முழுக்க 'ஈர்' என்ற வினைச்சொல். 'போ' என்று பொருள். பெயருக்கு ஏற்றபடி, தலையைச் சொறியாமல் யாருக்கும் வந்ததில்லை. 'போகிறேன்' என்பதற்கு வோய், 'போனேன்' என்பதற்கு ஃபூய், 'போவேன்' என்பதற்கு இரே. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. முதல் வாரம் நிகழ்காலம், இரண்டாம் வாரம் இறந்தகாலம், மூன்றாம் வாரம் எதிர்காலம்.

அவள் கற்பூரம். அவர் வாழைமட்டை. அவருக்கு நேற்றும் வோய்தான், நாளைக்கும் வோய்தான்.

நான் தரும் வீட்டுப்பாடத் தாளில் மூன்று கட்டங்கள் இருக்கும். யார், வினை, மீதி வாக்கியம். நான் வினையை மட்டும் பார்ப்பேன். அதற்கென்றே ஓர் அட்டையில் நீளமாக ஜன்னல் வெட்டி வைத்திருக்கிறேன். தாள்மேல் வைத்தால் நடுக்கட்டம் மட்டும்தான் தெரியும். முப்பது தாளும் கால் மணியில் முடிந்துவிடும். வீட்டுக்குத் தாள் சுமந்து போகிற மற்ற டீச்சர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

திருத்திக் காட்டிவிட்டுத் தாள்களை நானே வைத்துக்கொள்வேன். ஒரு வினை முடிந்த பிறகுதான் சேர்த்துக் கொடுப்பேன்.

நான் திருத்தும்போதெல்லாம் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மதிப்பெண் ஆசை என்று நினைத்தேன்.

இந்த நோட்டில் கட்டம் இல்லை. அட்டை பொருந்தவில்லை. அதனால் படித்தேன்.

ஒவ்வொரு வாக்கியமும் பத்து முறை எழுதப்பட்டிருந்தது. முதல் வரிக்கு மேலே, சொல்லுக்குச் சொல், பென்சிலில் தமிழ் அர்த்தம். பாவம், அகராதியைப் புரட்டிப் புரட்டி எழுதியிருக்கிறார். வாக்கியங்கள் அவருடையவை அல்ல. மூன்று வாரமாக அவர் மனைவி எனக்கு எழுதித் தந்தவை.

'நான் எங்கே போனாலும் அவரோடுதான் போகிறேன்.'

'போன வருடம் ஒருமுறை தனியாகப் போனேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.'

'வியாழக்கிழமை, அவர் வேலைக்குக் கிளம்பியதும், அக்கா வீட்டுக்குப் போவேன். டீச்சர், அக்காவிடம் சொல்லுங்கள், வந்து கூட்டிப் போகட்டும்.'

அதற்குக் கீழே வரிசையாக எண்கள், ஸ்பானிஷில், எழுத்தால். ஒன்பது, ஐந்து, இரண்டு, இரண்டு என்று நீண்டுகொண்டே போயிற்று.

அதுவும் என் கைவரிசைதான். இரண்டாம் வாரத் தாளில், அட்டை மறைக்காத ஓரத்தில், அவள் அந்தப் போன் நம்பரை எண்ணாகவே எழுதியிருந்தாள். வட்டம் போட்டு, 'எண்களை எழுத்தால் எழுதவும்' என்று அரை மதிப்பெண் குறைத்தேன். அடுத்த வாரம் அப்படியே எழுதி வந்தாள். ஒரு பிழை இல்லை.

இன்று சனிக்கிழமை.

நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. அவர் சட்டைப் பையில் ஒரு போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே திரை தெரிந்தது. 'அக்கா' என்றிருந்தது. கட்டைவிரலால் அதை அடக்கிவிட்டு, அதே பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஒரே ஒரு வரி, ஒரே ஒரு முறை. இது மட்டும் அவருடைய சொந்த வாக்கியம்.

'அவள் இனி எங்கேயும் போக மாட்டாள்.'

ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு எதிர்காலம் சரியாக வந்திருந்தது.

"தப்பு ஏதாவது இருக்கா டீச்சர்?"

இல்லை என்று தலையாட்டினேன். படிக்கட்டில் யாருடைய காலடியாவது கேட்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, ஒன்பது, ஐந்து, இரண்டு, இரண்டு என்று மனதுக்குள் நெட்டுருப் போட ஆரம்பித்தேன். ஐந்தாவது எண் மறந்துவிட்டது. எடுத்த பக்கத்தையே மறுபடி எடுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். ஏதோ பார்ப்பதுபோல நோட்டின் கடைசிக்குப் போனேன்.

பின்னட்டையில் அவளுடைய மூன்று தாள்களையும் சேர்த்துக் குத்தி வைத்திருந்தார். போன சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், அவள் கை நீட்டியும் அவளிடம் தராமல், நான் அவர் கையில் கொடுத்த தாள்கள்.

மேல் தாளில் நடுக்கட்டம் நெடுக என் சரிக்குறிகள். பத்துக்குப் பத்து. அதன் கீழே சிவப்பு மையில், அவருக்கென்று நான் எழுதிய குறிப்பு:

'உங்கள் மனைவியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இவற்றை அர்த்தம் தெரிந்துகொண்டு, பத்து முறை எழுதி வரவும்.'