பழைய சீட்டைக் குடுங்க

"பழைய சீட்டைக் குடுங்க, சீக்கிரம்!"

தையல்கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "எந்தச் சீட்டுங்க?"

"ரவுட்டர் மாட்டினப்போ அதுக்குள்ள போற பாஸ்வேர்டை எழுதிக் குடுத்தேனே, அது. யார்கிட்டயும் காட்டாதீங்கன்னு சொன்னேனே."

அந்தத் தெருவில் இருபத்திரண்டு கடைகளுக்கு இணைய இணைப்பு கொடுத்துப் பராமரிப்பவர் அவர். வைஃபைக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடமாக, கூப்பிட்டால் நாலு நாள் கழித்து வருகிற மனிதர், இன்று கூப்பிடாமலே கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு வேளை தாண்டியும் வயிறு நினைவுக்கு வரவில்லை. பல் டாக்டர் ஒரு பல்லைப் பிடுங்கி முடிக்கும்வரை காத்திருந்ததில் அரை மணி நேரம் போய்விட்டது. ஜெராக்ஸ் கடையில் சீட்டு எப்போதோ தொலைந்துவிட்டதாம். அங்கே மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

தையல்கடையில் அளவு நோட்டின் அட்டைக்குள்ளிருந்து மடித்த சீட்டு வெளியே வந்தது. பிரித்துக்கூடப் பார்க்காமல் நாலாகக் கிழித்துப் பையில் திணித்துக்கொண்டார். புதுப் பாஸ்வேர்டைப் போட வைத்துவிட்டுப் படியிறங்கும்போதே கைபேசியைக் காதில் வைத்தார்.

"இப்ப எங்க இருக்க?... கண்ணாடிக்கடையா? அதுக்குள்ளயா! கொஞ்சம் மெதுவாத்தான் வாயேன்... சரி சரி, கத்தாத. அங்க நான் முடிச்சிட்டேன்."

பக்கத்துக் கடை வாசலில் நின்றிருந்த மருந்துக்கடை அக்காவின் காதில் இது அத்தனையும் விழுந்தது. வைஃபைக்காரருக்கு மிச்சம் இருந்த ஒரே கடையும் அந்த மருந்துக்கடைதான்.

"வாங்க தம்பி. காலைலேருந்து பார்க்கறேன், ஒரே ஓட்டமா இருக்கு. தெருவுல எங்கயாவது தீப்பிடிச்சிருக்கா?"

"ஒண்ணுமில்லக்கா. பாதுகாப்புக்காக எல்லாக் கடையிலயும் பாஸ்வேர்டு மாத்தறேன். உங்க பழைய சீட்டு..."

"இருக்கு." அக்கா மேஜை இழுப்பறையிலிருந்து அதை எடுத்தார். கொடுக்கவில்லை, கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டார். "முதல்ல விஷயத்தைச் சொல்லுங்க."

அவர் ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்தார். "கடைக்கு வர்றவங்களுக்கு வைஃபை குடுக்கறீங்கல்ல? அதுல சேர்ந்த யார் வேணாலும் ரவுட்டரோட வாசப்படி வரைக்கும் வந்துடலாம். உள்ள போறதுக்கு இந்தப் பாஸ்வேர்டு ஒண்ணுதான் பூட்டு. அது ஒருத்தனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா முடிஞ்சுது. நீங்க பேங்க் பக்கத்தைத் திறந்தா, அச்சு அசலா அதே மாதிரி இருக்கற போலிப் பக்கத்துல கொண்டுபோய் விட்டுடுவான்."

"பன்னெண்டு வருஷமா இல்லாத பயம் இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அவர் கணினி முன் உட்கார்ந்து மளமளவென்று தட்டினார். "ரவுட்டர் மென்பொருள் அரதப் பழசாக் கிடக்கு, புதுப்பிச்சாச்சு. அஞ்சு தடவை தப்பா அடிச்சா கொஞ்ச நேரம் யாரையும் உள்ள விடாது. இந்தாங்க, புதுசை நீங்களே அடிங்க. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தை, நீளமா."

சொல்லிவிட்டு எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

"இதென்ன கூத்து? போன தடவை நீங்கதானே போட்டீங்க?"

"இனிமே எனக்கே தெரியக்கூடாதுக்கா."

அக்கா ஒற்றை விரலால் குத்திக் குத்தி அடித்து முடித்தார். அதற்குள் வைஃபைக்காரரின் கைபேசி மறுபடியும் அடித்தது.

"தையல்கடையும் முடிச்சிட்டியா?... அடுத்தது இங்கயா? அஞ்சு நிமிஷம் குடு, அஞ்சே நிமிஷம்!"

அக்கா சட்டென்று எழுந்து கல்லாப்பெட்டியை மறித்துக்கொண்டு நின்றார். "ஓஹோ, கூட்டாளியா? முன்னாடி நீங்க போய்ப் பூட்டைக் கழட்டி வைக்கறது, பின்னாடியே அவன் வந்து வாரிக்கிட்டுப் போறதா? இந்தச் சீட்டு என்கிட்டயே இருக்கட்டும். போலீசுக்குப் போன் போடறேன்."

"ஐயோ, சத்தியமா அப்படியெல்லாம் இல்லக்கா! சீட்டை மட்டும் குடுத்துடுங்க, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

இத்தனை வருடம் அந்தத் தெருவில் அவர் சம்பாதித்த மரியாதை முழுவதும் அக்காவின் மூடிய கைக்குள் இருந்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தோளில் கனத்த துணிப்பையோடு, முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தது அவர் மனைவி.

"நல்லாயிருக்கீங்களாக்கா? எங்க பாப்பாவுக்குக் கல்யாணம்! காலைலதான் பத்திரிகை அச்சாகி வந்துச்சு. அதைப் பார்த்ததுலேருந்து இந்த மனுஷன் பேயறைஞ்ச மாதிரி ஓடறாரு. ரெண்டு பேருமாப் போய்க் குடுக்கலாம்னு சொன்னா, நான் முன்னாடி போறேன்னு கிளம்பிட்டாரு. நீங்க குடும்பத்தோட வரணும்."

தெருவில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். வீட்டில்கூட யாரும் கூப்பிடாத அவளுடைய நிஜப்பேர், சான்றிதழ்களை விட்டு வெளியே வந்ததே இல்லை.

அக்கா பத்திரிகையைப் பிரித்து மணமகளின் பேரைப் படித்தார். பிறகு கைக்குள் இருந்த சீட்டை விரித்து, அதிலிருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார்.

"இருபத்திரண்டு கடைக்கும் இதேதானா, தம்பி?"

வைஃபைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

பத்திரிகையில் இல்லாமல் சீட்டில் மட்டும் இருந்தது, கடைசியில் இருந்த ஒன்று, இரண்டு, மூன்று மட்டும்தான்.