காவலோடு வந்த மாமன்

"ஏலே, மேளத்த நிறுத்துங்க! போலீஸ் வேன் வந்துட்டு!"

பிரேக் கிறீச்சிட்ட சத்தத்தில் மண்டப வாசலில் நின்ற கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. முதலில் இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். பிறகு, விலங்கு மாட்டிய கையோடு சுடலைமணி. கடைசியாக ஏட்டு துரைப்பாண்டி.

சண்முகசுந்தரி தம்பியிடம் ஓடினாள்.

"ஏன்டே இப்படி மெலிஞ்சு போய்ட்ட?"

"போன வாரந்தான பாத்த?"

"கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிக்கும்போது ஒண்ணுந் தெரியல."

அவள் மகளுக்கு இன்று காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருப்பதே ஒரு தாய்மாமன். அவனோ பாளையங்கோட்டை சிறையில். கேட்ட விடுப்பு இரண்டு முறை கிடைக்காமல் போனதில் பிள்ளைக்கு மூன்று வயது ஆகிவிட்டது. சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று உறவில் பலர் சொன்னார்கள். சண்முகசுந்தரி கேட்கவில்லை. இந்த முறைதான் சங்கரன்கோவிலுக்கு, அதுவும் போலீஸ் காவலோடு, அரைநாள் விட்டிருக்கிறார்கள்.

அவளுடைய கணவன் சங்கரபாண்டியன் கலர் பாட்டில்களோடு வந்து ஏட்டின் முன்னால் நின்றான்.

"குடிங்க ஏட்டய்யா. ஒரு சின்ன உதவி. விலங்கக் கொஞ்சம் கழத்தி விட்டா, பிள்ளைய மடியில வச்சுக்கிடுவான்."

துரைப்பாண்டி கூட்டத்தை ஒரு சுற்று பார்த்தார்.

"கழத்துதேன். ஆனா ஒண்ணு. எதிர்பார்ட்டி எவனாவது இங்கன தட்டுப்பட்டான்னா, மறு நிமிஷம் இவன வேன்ல ஏத்திருவேன். பிள்ள அழுதாலும் சரி, நீரு அழுதாலும் சரி. எனக்கு என் வேலை முக்கியம்."

"ஒரு பிரச்சனையும் வராது, ஏட்டய்யா."

விலங்கு கழன்றது. சுடலைமணி மணிக்கட்டைத் தடவிக்கொண்டே மணையில் போய் உட்கார்ந்தான். காது குத்தும் ஆசாரி இன்னும் வந்து சேரவில்லை. ஏட்டு நாற்காலியை நிழலில் இழுத்துப் போட்டுக்கொண்டு சங்கரபாண்டியனிடம் கேட்டார்.

"என்ன கேசுவே? நாங்க ஆயுதப்படை. கூட்டிட்டுப் போ, கூட்டிட்டு வான்னு சொல்லுவாவ, அவ்வளவுதான்."

"வெட்டுக் கேசு. அப்பம் என் வீட்டுக்காரி வயித்துப்பிள்ளைக்காரி. ஒருத்தன் அவளப் போட்டு அடிச்சிட்டான். கூடப் பொறந்தவன் பாத்துக்கிட்டு நிப்பானா? அருவாளத் தூக்கிட்டான்."

"செத்துட்டானா?"

"பொழச்சிக்கிட்டான்."

"உம்ம பொண்டாட்டிய எவனோ அடிச்சிருக்கான். அருவாளத் தூக்குனது அவ தம்பி. அந்நேரம் நீரு எங்கவே போனீரு?"

"அங்கனயேதான் கெடந்தேன்."

"கெடந்தீரா! தண்ணியா?"

"அப்பம் அந்தப் பழக்கம் உண்டு. இப்பம் தொடுறதில்ல."

ஏட்டு பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் திரும்பினார். "கேட்டியாடே? அண்ணாச்சி மட்டையாயி கெடந்திருக்காரு. மச்சினன் உள்ள போய்ட்டான்."

போலீஸ்காரர் சிரித்தார். சங்கரபாண்டியனும் சேர்ந்து சிரித்தான்.

"அதான் மனசு உறுத்துதாக்கும்? ஜெயிலுக்கு மனு போட்டு அவனப் பாக்க மாசம் ரெண்டு தடவ வந்துருவீராமே. வார வழியில உம்ம மச்சினன்தான் சொன்னான்."

"பிள்ளையத் தூக்கிட்டு அவ ஒத்தையில எப்படிப் போவா? மொதல்ல என்கூடப் பேச மாட்டான். அக்காகிட்ட மட்டும் பேசிட்டுத் திரும்பிருவான். ஒரு நாள் பிள்ளைய வலைகிட்டத் தூக்கிக் காட்டினேன். அன்னைக்குத்தான் 'அத்தான்'னு கூப்பிட்டான்."

ஆசாரி வந்துவிட்டார். சண்முகசுந்தரி பிள்ளையைத் தம்பி மடியில் உட்கார வைத்தாள். வலைக்கு அப்பால் பார்த்துப் பழகிய முகம் என்பதால் அது அழவில்லை. அவன் மீசையை ஒரு விரலால் குத்திப் பார்த்தது. பிறகு பிடித்து இழுத்தது.

"ஏட்டி, வலிக்கி!" என்றான் சுடலைமணி. மண்டபமே சிரித்தது.

ஏட்டு பந்திப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். முதல் வரிசையில், காதுகுத்து முடியும்வரை காத்திருக்க முடியாமல், புளியங்குடி சங்கரசுப்பு கறிச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சண்முகசுந்தரிக்குப் பெரியப்பா முறை.

"என்ன பெரியவரே, சாப்பாடெல்லாம் எப்படி?"

"சாப்பாட்ட விடும். வெட்டுனவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே மண்டபத்துல நிக்கத என் ஆயுசுல இன்னைக்குத்தான் பாக்கேன்!"

"என்னது? வெட்டுப்பட்டவன் இங்கன இருக்கானா? ஆருவே அது?"

சங்கரசுப்பு சட்டென்று இலைப் பக்கம் குனிந்துகொண்டார். ஒரு நெஞ்செலும்பை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

துரைப்பாண்டி விலங்கைக் கையில் எடுத்துக்கொண்டு மணைக்கு ஓடினார். ஆசாரியின் ஊசி பிள்ளையின் காதருகே இருந்தது.

"நிறுத்துங்க! ஏலே, எந்திரி. வேனுக்கு நட."

"ஏட்டய்யா, ஒரு நிமிஷம்" என்று சண்முகசுந்தரி குறுக்கே வந்து நின்றாள். "குத்தி முடிச்சிருவாவ. இந்த நாளுக்காக எத்தன மாசம் அலைஞ்சிருக்கேன்!"

"நகரும்மா. ஏதாவது ஒண்ணு நடந்தா என் தொப்பியில்லா போவும்."

சுடலைமணி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். எழுந்திருக்கவில்லை. கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

ஏட்டு சங்கரபாண்டியனின் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"பிரச்சனை வராதுன்னு சொன்னீருல்லா? எதிர்பார்ட்டி மண்டபத்துக்குள்ளயே நிக்கானாம். அவன இப்பவே வெளிய அனுப்பும். இல்லன்னா உம்ம மச்சினன நான் கொண்டுபோறேன்."

சங்கரபாண்டியன் கையைக் கட்டிக்கொண்டு, பணிவாகக் கேட்டான்.

"எதிர்பார்ட்டிய வெளிய அனுப்பிட்டா, பிள்ளைக்கு அப்பன்னு பக்கத்துல ஆரு ஏட்டய்யா நிப்பா?"