அப்பா நரி தலை பின்னுகிறது

தினமும் மாலையில், ஒவ்வொரு வீட்டு டிவியிலும் அந்த வீட்டைப் பார்த்தே வரைந்த ஒரு ஜப்பான் கார்ட்டூன் ஓடும். வசுமதியின் வீட்டுக்கு வாய்த்தது ஒரு நரிக் குடும்பம். அப்பா நரி போடும் மந்திரமெல்லாம் ஏடாகூடமாகவே முடியும். பார்த்துச் சிரித்தே வயிறு வலிக்கும். ஆனால் குட்டி நரிக்குப் பல் விழுந்த மறுநாளே மகள் மகிழினிக்கும் விழுந்தது. நரி வீட்டுக் கூரை ஒழுகியதைப் பார்த்ததுமே, மழைக்குக் காத்திராமல் மாடியைப் பூசிவிட்டான் கணவன் பிரசன்னா.

இன்று அப்பா நரி, குட்டிக்குத் தலை பின்னப் போய்த் தன் வாலையும் சேர்த்துப் பின்னிக்கொண்டது. பிரசன்னா விழுந்து விழுந்து சிரித்தான்.

"அம்மா நரி எங்க? நேத்துகூட இருந்துச்சே," என்றாள் மகிழினி.

"கடைக்குப் போயிருக்கும்டா," என்றான் பிரசன்னா.

முடியும்வரை அம்மா நரி வரவில்லை. யாரும் அதைத் தேடவுமில்லை. நரி வீட்டில் சாப்பிட இரண்டு கிண்ணங்கள்தான் இருந்தன.

மகளுக்குப் பின்னிக்கொண்டிருந்த வசுமதியின் கை நின்றது. குளிக்கும்போது மார்பில் தட்டுப்பட்ட கட்டியைப் பற்றி அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

சீப்பைக் கணவனிடம் நீட்டினாள்.

"இந்தப் பக்கம் நீங்க பின்னுங்க. நான் சொல்லித் தர்றேன்."